கேம்களைப் பிரித்து மேயும் ‘யாட்ஸி’... திட்டியே புகழ்பெற்ற விமர்சகர் அந்தப் பெயருக்குத் தகுதியானவரா?

சுமார் 5 நிமிடம். மூச்சு விடாத பேச்சு. மஞ்சள் பின்னணியில் தொப்பி போட்ட ஒரு சின்ன பொம்மை உருவம். பல கோடி செலவில், பல வருட உழைப்பில் உருவான ஒரு வீடியோ கேமை அந்த 5 நிமிடத்தில் பிரித்து மேய்ந்துவிட்டுப் போய்விடுவார். இதுதான் ‘யாட்ஸி’ ஸ்டைல்.

"கேம் விமர்சனம்னா இவர்தான்" என்று கொண்டாடுகிறது ஒரு கூட்டம். "எதைக் கொடுத்தாலும் திட்டுறதுக்குப் பேர் விமர்சனமா?" என்று கேட்கிறது இன்னொரு கூட்டம். இதில் எது சரி?

யார் இந்த யாட்ஸி?

இயற்பெயர் பென் குரோஷா. இங்கிலாந்தில் பிறந்தவர். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வசித்தபோது, 2007 ஜூலையில் ‘தி டார்க்னஸ்’ என்ற கேமின் டெமோவை விமர்சித்து யூடியூபில் ஒரு வீடியோ போட்டார். அது பரபரவென பரவியது. சில வாரங்களிலேயே ‘தி எஸ்கேப்பிஸ்ட்’ இணைய இதழ் அவரை அழைத்துக்கொண்டது. அப்படித் தொடங்கியதுதான் ‘ஜீரோ பங்ச்சுவேஷன்’. பெயருக்கு அர்த்தம், ‘நிறுத்தற்குறியே கிடையாது’. அவர் பேசும் வேகத்துக்குப் பொருத்தமான பெயர்தான். வாரம் ஒரு வீடியோ என 16 ஆண்டுகள் ஓடியது.

2007-ல் அப்படி என்ன தேவை இருந்தது?

இதைப் புரிந்துகொள்ள அதே ஆண்டில் நடந்த இன்னொரு சம்பவத்தைப் பார்க்க வேண்டும். ‘கேன் அண்ட் லிஞ்ச்: டெட் மென்’ என்ற கேமுக்கு, கேம்ஸ்பாட் இணையதளத்தின் மூத்த விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மன் 10-க்கு 6 மார்க் கொடுத்தார். அந்த நேரத்தில் கேம்ஸ்பாட் பக்கம் முழுக்க அதே கேமின் விளம்பரம்தான். அடுத்த சில வாரங்களில் கெர்ஸ்ட்மன் வேலையை இழந்தார். விளம்பரதாரர்கள் தந்த அழுத்தமும் இதில் இருந்தது என்பதை 2012-ல் அவரே வெளிப்படையாகப் பேசினார்.

விளம்பரம் கொடுப்பவரின் பொருளுக்கே மார்க் போட வேண்டிய நிலை. அந்த மார்க்கை நம்பித்தான் ரசிகர் பணம் கட்டுகிறார். கேம் உருவாக்குபவர்களின் போனஸ்கூட அதைப் பொறுத்ததுதான். ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ கேமை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனம், மெட்டாகிரிட்டிக் தளத்தில் 85 புள்ளிகள் தேவைப்பட்ட இடத்தில் 84 மட்டுமே எடுத்ததால் போனஸை இழந்தது. ஒரே ஒரு புள்ளி!

இந்தச் சூழலில், மார்க்கே போடாமல், ‘எனக்குப் பிடிக்கலை, காரணம் இதுதான்’ என்று பேச ஒருவர் வந்தார். அவரை ரசிகர்கள் நம்பியதில் ஆச்சரியம் இல்லை. எஸ்கேப்பிஸ்ட்டும் விளம்பரத்தில் ஓடிய இதழ்தான். ஆனால் மார்க் என்ற ஒன்றே இல்லாதபோது, அதைக் கூட்டிக் குறைக்கச் சொல்லவும் வழியில்லையே!

எல்லாவற்றையும் திட்டுவாரா?

இல்லை. 2007-ல் வால்வ் நிறுவனத்தின் ‘போர்ட்டல்’ வந்தபோது, அதில் குறையே கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொன்னவர் இவர். அதிகம் விற்காத ‘சைக்கோநாட்ஸ்’ கேமை விடாமல் தூக்கிப் பிடித்ததும் இவர்தான். எப்போதாவதுதான் பாராட்டுவார். அதனாலேயே அந்தப் பாராட்டுக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு விஷயம், இவருக்குத் தொழில் தெரியும். விமர்சகர் ஆவதற்கு முன்பே, 2003-ல், ‘5 டேஸ் எ ஸ்ட்ரேஞ்சர்’ என்ற சாகச கேமை உருவாக்கி இலவசமாக வெளியிட்டவர். 2024-ல் ‘ஸ்டார்ஸ்ட்ரக் வேகபாண்ட்’ என்ற கேமையும் வெளியிட்டார். நாவல்களும் எழுதியிருக்கிறார். கதை எங்கே தொய்கிறது, கன்ட்ரோல் ஏன் கைக்கு ஒத்துவரவில்லை என்று அவர் சொல்லும்போது, செய்து பார்த்தவரின் அனுபவம் அதில் தெரியும்.

அப்போ குறையே இல்லையா?

இருக்கிறது. மூன்று முக்கியமான குறைகள்.

முதலாவது, மல்டிபிளேயர். பலர் சேர்ந்து ஆடும் கேம்களில் தனக்கு ஆர்வமில்லை என்பதை அவர் மறைத்ததே இல்லை. 2008-ல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிராலை’ அவர் விமர்சித்தபோது ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். நண்பர்களோடு ஆடத்தான் அந்த கேமே! அந்தக் கோபக் கடிதங்களை அவர் அடுத்து ஒரு வீடியோவாகவே எடுத்துக் கலாய்த்தார். ஆனால் ரசிகர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது.

இரண்டாவது, சிரிப்பு. திட்டினால்தான் சிரிப்பு வரும். அதனால் ‘பரவாயில்லை’ ரக கேம்கள்கூட இவரிடம் கூடுதலாக அடி வாங்கும். ஆரம்ப கால வீடியோக்களில் பல ஜோக்குகள் இன்று கேட்டால் முகம் சுளிக்க வைக்கும்.

மூன்றாவது, வார்த்தைகளின் விளைவு. 2008-ல் ‘தி விட்சர்’ விமர்சனத்தில், கம்ப்யூட்டரில் ஆடுபவர்களின் அலட்டலைக் கிண்டல் செய்ய ‘பிசி மாஸ்டர் ரேஸ்’ என்றொரு பிரயோகத்தைப் போட்டார். நாஜிகளின் இனவெறிக் கோட்பாட்டிலிருந்து எடுத்த சொல் அது. கிண்டலுக்கு ஆளானவர்களே அதைப் பெருமைப் பட்டமாக எடுத்துக்கொண்டு இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். சொன்னவர் நினைத்தது ஒன்று, ஊர் எடுத்துக்கொண்டது வேறொன்று.

2023-ல் நடந்த உண்மையான பரீட்சை

2023 நவம்பர் 6 அன்று, எஸ்கேப்பிஸ்ட்டின் தலைமை ஆசிரியர் நிக் கலாண்ட்ராவை, அதன் உரிமையாளரான கேமர்ஸ் குழுமம் வேலையிலிருந்து நீக்கியது. இலக்குகளை எட்டவில்லை என்பதே தனக்குச் சொல்லப்பட்ட காரணம் என்றார் கலாண்ட்ரா. உடனே யாட்ஸி உட்பட வீடியோ குழுவினர் ராஜினாமா செய்தார்கள்.

யாட்ஸிக்கு இதில் இழப்பு பெரிது. ‘ஜீரோ பங்ச்சுவேஷன்’ என்ற பெயரின் உரிமை அப்போது அவரிடம் இருக்கவில்லை. 16 ஆண்டு உழைத்து வளர்த்த பெயரை அப்படியே விட்டுவிட்டுத்தான் வெளியே வந்தார்.

குழுவினர் சேர்ந்து ‘செகண்ட் விண்ட்’ என்ற சேனலைத் தொடங்கினார்கள். யாட்ஸியின் நிகழ்ச்சிக்கு ‘ஃபுல்லி ராம்ப்ளமாட்டிக்’ என்று புதுப் பெயர். சில நாட்களிலேயே லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த சேனலில் சேர்ந்துவிட்டார்கள். ரசிகர்கள் மாதாமாதம் நேரடியாகப் பணம் கட்டி ஆதரிக்கவும் செய்தார்கள். பெயர் நிறுவனத்திடம் இருந்தது. பார்வையாளர்களோ ஆளோடு போய்விட்டார்கள்.

அப்படியானால், தகுதியானவரா?

‘இந்த கேமை வாங்கலாமா?’ என்று கேட்டால், இவர் ஒருவரை மட்டும் நம்பி முடிவெடுப்பது சரியாக வராது. குறிப்பாக மல்டிபிளேயர் கேம் என்றால், வேறு விமர்சனங்களையும் பார்த்துவிடுவது நல்லது.

‘இந்த கேம் ஏன் போரடிக்குது?’ என்று கேட்டால், இவரளவுக்குத் தெளிவாகச் சொல்பவர்கள் குறைவு. கூடவே ஒரு சௌகரியமும் உண்டு. இவருடைய விருப்பு வெறுப்பு எல்லாருக்கும் தெரியும், வாராவாரம் மாறாது. அதனால் இவர் திட்டும் விஷயம் உங்களுக்குப் பிடித்ததாக இருந்தால், அந்தத் திட்டே உங்களுக்கு ஒரு சிபாரிசு!

மொத்தத்தில், இவருக்குக் கிடைத்த பெயர் தகுதியானதே. அதை அவருக்கு வாங்கித் தந்தது திட்டு மட்டும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று சொன்னார், தன் பாரபட்சத்தையும் மறைக்கவில்லை. பெயரே போன பிறகும் ரசிகர்கள் பின்னாலேயே வந்ததற்குக் காரணம் அதுதான்.