கணினி நின்றால் களஞ்சியமும் நிற்கும்: மொத்த விநியோக நிறுவனங்களின் இணைய ஆபத்தை ஒப்பிடுவது எப்படி?

இணையத் தாக்குதல் என்றதும் வங்கிகளும் அரச இணையத்தளங்களுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால், அண்மைய ஆண்டுகளின் சம்பவங்களைத் தொகுத்துப் பார்த்தபோது, தொழிற்சாலைக்கும் கடைக்கும் நடுவில் நிற்கும் மொத்த விநியோக நிறுவனங்களையே நாம் அதிகம் கவனிக்கத் தவறுகிறோம் என்று எனக்குத் தோன்றியது.

ஜேர்மனியின் பிரென்டாக், இரசாயனப் பொருட்களை விநியோகிக்கும் பெரு நிறுவனம். 2021 இல் அதன் வட அமெரிக்கப் பிரிவுக்குள் டார்க்சைட் என்ற குழு ஊடுருவித் தரவுகளைத் திருடியது, கோப்புகளைப் பூட்டியது. நிறுவனம் சுமார் 4.4 மில்லியன் டொலர் கப்பம் செலுத்தியதாகச் செய்திகள் வெளியாகின. களவாடப்பட்ட கடவுச்சொற்களை விலைக்கு வாங்கியே உள்ளே நுழைந்ததாக ஊடுருவியவர்கள் கூறிக்கொண்டனர்.

அமெரிக்காவின் உணவுப்பொருள் விநியோக நிறுவனமான யுனைட்டட் நச்சுரல் ஃபூட்ஸ், 2025 ஜூன் 5 ஆம் திகதி ஊடுருவலைக் கண்டறிந்ததும் தனது கணினிக் கட்டமைப்பைத் தானே நிறுத்தியது. ஹோல் ஃபூட்ஸ் போன்ற கடைகளில் தட்டுகள் வெறுமையாகின. 350 முதல் 400 மில்லியன் டொலர் வரையான விற்பனையை இழக்க நேரும் என நிறுவனமே மதிப்பிட்டது.

முதலாவது சம்பவத்தில் பறிபோனது தரவு. இரண்டாவதில் பறிபோனது நாட்கள். ஆகவே, எந்த நிறுவனம் எத்தனை முறை தாக்கப்பட்டது என்று எண்ணுவதால் பயனில்லை. ஒப்பிடுவதற்கு நான் நான்கு கேள்விகளைக் கேட்பேன்.

ஒன்று, வாசல்கள் எத்தனை? வழங்குநர்கள், லொறி நிறுவனங்கள், வாடிக்கையாளர்கள் என எத்தனை பேர் அதன் கட்டமைப்புக்குள் நுழையலாம்? கடவுச்சொல்லுக்கு மேலதிகமாக இரண்டாவது சரிபார்ப்பு உண்டா?

இரண்டு, கட்டளை, இருப்பு, பற்றுச்சீட்டு அனைத்தும் ஒரே கட்டமைப்பில் தங்கியுள்ளனவா? அது நின்றால், கையால் எழுதிப் பொருள் அனுப்ப ஊழியர்களுக்குத் தெரியுமா?

மூன்று, வலையமைப்புடன் இணைக்கப்படாத காப்புப் பிரதி இருக்கிறதா? அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்கிறார்களா?

நான்கு, நடந்ததை வெளியே சொல்கிறதா? அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள நிறுவனங்கள், ஒரு சம்பவம் பாரதூரமானது எனத் தீர்மானித்து நான்கு வேலை நாட்களுக்குள் அதை அறிவிக்க வேண்டும் என்பது 2023 இல் வந்த விதி. இத்தகைய விதிகள் இல்லாத இடங்களில் ஒரு நிறுவனத்தின் மௌனத்தைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மூன்றாவது கேள்வியின் பெறுமதியை இலங்கையும் கண்டது. 2023 ஓகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் காப்புப் பிரதி இல்லாமையால் அழிந்தன. இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் தொலைத்து, அவற்றை மீளப்பெற ஆண்டுக்கணக்கில் அலைந்த எமக்கு, பிரதி ஒன்றை வேறோர் இடத்தில் வைப்பதன் அருமையை எவரும் விளக்கத் தேவையில்லை. கடன் கணக்கையும் இருப்பையும் ஒரே கணினியில் வைத்திருக்கும் எமது பகுதி மொத்த வியாபாரிகள், இன்றே அதில் ஒரு பிரதியைத் தனி வன்தட்டில் எடுத்து வேறிடத்தில் வைக்கலாம்.