பிரிட்ஜில் ஐஸ் மூடினால்

தில்லியில் ஜூன் மாத வெயில் கடுமையானது. சில நாட்களில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும். அந்த நேரத்தில் பிரிட்ஜில் வைத்த பாலே திரிந்து போகிறது. ஆனால் மேலே பிரீசரில் ஐஸ் இருக்கிறது. இது என்ன கோளாறு?

"கேஸ் போய்விட்டது" என்று சிலர் சொல்வார்கள். அதை நிரப்பப் பணம் கேட்பார்கள். கேஸ் முழுவதும் போனால் பிரீசரிலும் ஐஸ் உறையாது. எனவே, பணம் கொடுக்கும் முன் சோதித்துப் பாருங்கள்.

உள்ளே நடப்பது என்ன?

இரண்டு கதவு பிரிட்ஜைப் பாருங்கள். பிரீசரின் பின்பக்கத் தகட்டுக்குள் குளிர்க் குழாய் இருக்கிறது. ஒரு சிறு விசிறி அந்தக் குளிரைக் கீழே அனுப்பும். கதவைத் திறக்கும்போது ஈரக் காற்று உள்ளே போகும். ஈரம் குழாயில் ஐஸாகப் படியும். அதை உருக்க ஒரு ஹீட்டர் உண்டு.

குழாயின் சூட்டைப் பார்த்துச் சொல்வது சென்சார். சோறு வெந்ததா என்று விரலால் நசுக்கிப் பார்க்கிறோம் அல்லவா? அதுபோலத்தான். சென்சார் கெட்டால் ஹீட்டர் சரியாக வேலை செய்யாது. ஐஸ் குழாயை மூடிவிடும். காற்றுக்கு வழி இருக்காது. கீழே குளிர் வராது.

சோதிப்பது எப்படி?

1. சுவிட்சை அணையுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள்.

2. பொருள்களை வெளியே எடுங்கள். இன்சுலின் மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டு பிரிட்ஜில் கொடுத்து வையுங்கள்.

3. கதவுகளை ஒரு நாள் முழுவதும் திறந்து வையுங்கள். வடியும் தண்ணீரைத் துடையுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

4. நன்றாகக் காய்ந்ததும் பிளக்கைச் செருகுங்கள்.

மறுநாள் கீழேயும் குளிர் வந்ததா? அப்படியானால் கேஸ் இருக்கிறது. சில நாளில் மீண்டும் ஐஸ் மூடுகிறதா? முதலில் கதவு ரப்பரைப் பாருங்கள். அது கிழியாமல் இருந்தால், சென்சார் அல்லது ஹீட்டர் கெட்டிருக்கலாம். "மீட்டர் வைத்துப் பாருங்கள்" என்று மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீதும் வாங்குங்கள்.

கவனம்!

கத்தியால் ஐஸைக் குத்தாதீர்கள். குழாய் ஓட்டையானால் கேஸ் வெளியேறும். இன்றைய பல பிரிட்ஜ்களில் உள்ள கேஸ் தீப்பற்றக் கூடியது. பின்பக்கத் தகட்டையும் நீங்களே கழற்ற வேண்டாம். அது மெக்கானிக்கின் வேலை.

கோளாறு எது என்று தெரிந்தால், வீண் செலவு இல்லை.

பேசிப் பாருங்கள்: உங்கள் வீட்டு பிரிட்ஜின் கதவு ரப்பர் நன்றாக ஒட்டுகிறதா?