பூஞ்சைக்கும் உண்டு கைரேகை

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் நம் இடக்கொச்சியில் தோல் செருப்பு முதல் ஊறுகாய் ஜாடி வரை பூஞ்சணம் பிடித்துவிடும். இங்குள்ளவர்கள் 'பூப்பல்' என்பார்கள். துடைத்தால் போச்சு என்று நாமும் விட்டுவிடுகிறோம். ஆனால் பூஞ்சைகளில் சில, உடல் தளர்ந்த நோயாளியின் இரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே உலை வைத்துவிடும். அப்படி ஒன்றை அறிவியலாளர்கள் அடையாளம் கண்ட விதத்தை நம் சங்கக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அதன் பெயர் கேண்டிடா ஆரிஸ். ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து எடுத்து 2009-இல் பெயர் சூட்டினார்கள். 'ஆரிஸ்' என்றால் இலத்தீனில் காது. 2009 முதல் 2011 வரை தில்லியில் இரண்டு மருத்துவமனைகளில் 12 நோயாளிகளின் இரத்தத்தில் இது தென்பட்டது. ஆய்வகக் கருவியோ இதை வேறொரு கேண்டிடா என்று தவறாகக் காட்டியது.

"பேர் தெரிஞ்சா போதாதா, ரேகை எதுக்கு?" என்று கேட்கலாம். ஒரே தெருவில் நாலு முருகன் இருந்தால் தபால்காரர் வீட்டு எண்ணைப் பார்ப்பார் அல்லவா? அதுபோல, ஒரே இனத்துப் பூஞ்சைக்குள்ளும் பல வம்சங்கள் உண்டு. எது எந்த வம்சம் என்று காட்டுவதே மரபணு ரேகை.

முறை இதுதான். பூஞ்சையின் டி.என்.ஏ.வை 'வெட்டு நொதிகள்' குறிப்பிட்ட எழுத்து வரிசை வரும் இடங்களில் மட்டும் வெட்டும். துண்டுகளின் முனைகளில் சிறு ஒட்டுகளைச் சேர்த்து, சிலவற்றை மட்டும் பி.சி.ஆர். முறையில் பல மடங்காகப் பெருக்கி, நீளவாரியாகப் பிரிப்பார்கள். கடைச் சாமான்களில் இருக்கும் பார்கோடு மாதிரி ஒரு கோட்டு வரிசை கிடைக்கும். வம்சம் ஒன்றானால் கோடுகளும் ஒத்துப்போகும். இதற்கு ஏ.எஃப்.எல்.பி. என்று பெயர்.

தில்லி வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர், கொச்சி மருத்துவர்களும் சேர்ந்து, 2014-இல் வெளியிட்ட ஆய்வில் தென்னிந்திய மருத்துவமனை ஒன்றின் மாதிரிகளைத் தில்லி மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் இடைவெளி இருந்தும் 26 இந்திய மாதிரிகளும் ஒரே வம்சம்! ஜப்பான், கொரியா மாதிரிகளோ வேறு. தென்னிந்திய மாதிரிகள் 15-உம் ஃப்ளுகோனசோல் மருந்துக்கு அடங்கவில்லை.

ஆக, மருந்துக்கு மசியாத ஒரே வம்சம் நாட்டின் இரு கோடிகளிலும் இருந்தது. யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பதை இந்த ரேகை சொல்லாது. அதற்கு முழு மரபணுத் தொகுதியையும் எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். அப்படிப் படித்த 2017 ஆய்வு, நான்கு தனித்தனி வம்சங்கள் வெவ்வேறு கண்டங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தலைதூக்கியதைக் காட்டியது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதை மிக ஆபத்தான பூஞ்சைகள் பட்டியலில் சேர்த்தது.

நலமாக இருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இது தோலிலும் கட்டில் கம்பியிலும் நாள்கணக்கில் தங்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் உறவினரைப் பார்க்கப் போனால், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள். நோயாளிக்குப் பூஞ்சைத் தொற்று என்றால், "எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்குக் கட்டுப்படும்னு சோதனை செஞ்சாச்சா, டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். சரியான மருந்து சரியான நேரத்தில் கிடைக்க அந்த ஒரு கேள்வி உதவும்.