குழந்தைகளின் மூளைக்கட்டி சிகிச்சையைக் கண்காணிக்கும் படிமச் சோதனைகள்

குழந்தைகளுக்கு வரும் திடக்கட்டிகளில் மூளைக்கட்டிகளே அதிகம். அறுவை, கதிர்வீச்சு, மருந்து என எதை அளித்தாலும், அது பலன் தருகிறதா என்று அறியப் பெரும்பாலும் எம்ஆர்ஐ படத்தையே நம்ப வேண்டியுள்ளது. மண்டையோட்டைத் திறந்து திசுவை அடிக்கடி எடுத்துப் பார்க்க முடியாது. எக்ஸ் கதிர்களைப் பயன்படுத்தாததால், வளரும் குழந்தைக்குத் திரும்பத் திரும்ப எடுக்க எம்ஆர்ஐ ஏற்றது.

அறுவைக்குப் பிந்தைய முதல் படம் 72 மணி நேரத்திற்குள் எடுக்கப்படுகிறது. தாமதித்தால், புண் ஆறும்போது தோன்றும் மாற்றங்கள் மிஞ்சிய கட்டியைப் போலத் தெரியும். பின்னர் எடுக்கும் படங்கள் யாவும் இந்த முதல் படத்துடன் ஒப்பிடப்படும். மெடுல்லோபிளாஸ்டோமா போன்ற கட்டிகள் மூளைத் தண்டுவட நீர் வழியே பரவக்கூடியவை. அவற்றில் முதுகுத்தண்டையும் படமெடுக்க வேண்டும்.

போலி வளர்ச்சி

எம்ஆர்ஐயின்போது நரம்பில் செலுத்தப்படும் கடோலினியம் மருந்து, இரத்த–மூளைத் தடுப்பு பழுதான இடங்களில் கசிந்து வெண்மையாகத் தெரியும். கட்டியும் அத்தடுப்பைக் கெடுக்கிறது, கதிர்வீச்சும் கெடுக்கிறது. எனவே கதிர்வீச்சு முடிந்த சில மாதங்களில் வெண்பகுதி பெரிதாகி, பின் தானாகவே சுருங்குவது உண்டு. இதுவே போலி வளர்ச்சி. இதைக் கட்டியின் வளர்ச்சி என்று கொண்டால் பலன் தரும் சிகிச்சை நிறுத்தப்படலாம், தேவையற்ற அறுவையும் நடக்கலாம். உண்மை வளர்ச்சியைப் போலி என்று கொண்டாலோ, காலம் வீணாகும்.

எதிர்மாறான ஏமாற்றமும் உண்டு. பெவாசிசுமாப் மருந்து இரத்தக்குழாய்க் கசிவை அடைத்துவிடுவதால், கட்டி இருக்கும்போதே வெண்மை விரைவில் மங்கிவிடும்.

இங்குதான் உயர்நிலைச் சோதனைகள் உதவுகின்றன. இரத்தஓட்ட எம்ஆர்ஐ, அப்பகுதிக்கு எவ்வளவு இரத்தம் பாய்கிறது என்று அளக்கிறது. வளரும் தீவிரக் கட்டியில் அது பொதுவாக மிகும், கதிர்வீச்சால் சிதைந்த திசுவில் குறையும். நீர் மூலக்கூறுகளின் அசைவை அளக்கும் பரவல் எம்ஆர்ஐ, செல்கள் நெருங்கியுள்ள இடத்தைக் காட்டும். எம்ஆர் நிறமாலைச் சோதனையில் கோலின் உயர்ந்து என்–அசிட்டைல் அஸ்பார்டேட் தாழ்ந்தால் கட்டி என்ற ஐயம் வலுக்கும். வழக்கமான குளுக்கோஸ் பெட் இங்கு அவ்வளவாக உதவாது, ஏனெனில் இயல்பான மூளையே குளுக்கோஸை மிகுதியாக உண்ணும். அமினோ அமிலப் பெட் சோதனையே தெளிவு தரும்.

பெரியவர்களுக்கான விதிகளைக் குழந்தைகளுக்கு அப்படியே பொருத்த இயலாது. பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா மெதுவாக வளரும் கட்டி, ஆயினும் படத்தில் பளிச்சென்று ஒளிரும். இதனால் 2011-இல் ‘ராப்னோ’ என்ற பன்னாட்டுக் குழு அமைந்து, கட்டி வகைக்கு ஏற்பக் குழந்தைகளுக்கான மதிப்பீட்டு விதிகளை வகுத்து வருகிறது. சிறு குழந்தை அசையாமல் கிடக்க மயக்க மருந்து தேவைப்படுவதும், கடோலினியம் சிறிதளவு மூளையில் தங்குவதும் கணக்கில் கொள்ள வேண்டியவை. தமனி இரத்தத்தையே காந்தத்தால் அடையாளமிடும் முறையில் மருந்து செலுத்தாமலே இரத்தஓட்டத்தை அளக்கலாம்.

தொலைவும் ஒப்பீடும்

தேனி மாவட்டத்தில், வருசநாடு செல்லும் சாலையில் உள்ள கடமலைக்குண்டு போன்ற ஊரின் குழந்தை ஒரே மருத்துவமனையில் சிகிச்சையை முடிப்பது அரிது. க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை என்று தொடங்கி, 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி நிறுவிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வரையோ, 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம் வரையோ செல்ல நேரலாம்.

ஊர் மாறும்போது பழைய படமும் உடன் செல்ல வேண்டும். அச்சிட்ட பிலிம் மட்டும் போதாது. கணினித் தரவு உள்ள குறுந்தகடு இருந்தால்தான் புதிய மருத்துவர் கட்டியை மீண்டும் அளக்க முடியும். கதிர்வீச்சு முடிந்த தேதியும் எப்பகுதிக்கு அளிக்கப்பட்டது என்ற விவரமும் அதனுடன் இருக்க வேண்டும். புதிய வெண்புள்ளி கதிர்வீச்சு பட்ட எல்லைக்கு வெளியே இருந்தால், அது போலி வளர்ச்சியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.