எல்லைப்புற மருத்துவம் – 9: பன்னிரண்டு மணி நேரமும் இரண்டு மதிப்பெண்ணும்

வாளையாறு தாண்டிக் கோவைக்கு விரையும் ஆம்புலன்ஸ்களில் பாலக்காட்டு மாவட்டத்துக்காரர்கள் நிறைய. கஞ்சிக்கோட்டில் இயந்திரத்தில் சிக்கிய கை, சித்தூர் வயலில் டிராக்டருக்கு அடியில் நசுங்கிய கால், நெடுஞ்சாலையில் லாரி மோதிய பைக் ஓட்டி. பாலக்காட்டிலிருந்து கோவை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். இடுக்கிப் பக்கம் அப்படியில்லை. மூணாறிலிருந்து மறையூர், சின்னாறு வழியாக உடுமலைக்கு இறங்கினாலும், போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்கினாலும் கொண்டை ஊசி வளைவுகளிலேயே மணிக்கணக்கில் நேரம் போய்விடும். எந்த வழியாக வந்தாலும் உறவினர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "டாக்டர், காலை எடுத்துருவீங்களா?"

இந்தக் கேள்விக்கு விடை தேடுவதைத் தன் ஆராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டவர் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு அறுவை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். அவருடைய பெற்றோர், மயக்கவியல் மருத்துவரான ஜே.ஜி. சண்முகநாதனும் கனகவல்லியும், 1978-இல் தொடங்கிய மருத்துவமனை அது. அவர்களுடைய இன்னொரு மகன் டாக்டர் எஸ். ராஜ சபாபதி, ஒட்டுறுப்பு மற்றும் கை அறுவை நிபுணர். முறிந்த எலும்பை ஒருவர் பொருத்த, போன தோலையும் தசையையும் இன்னொருவர் மூட, இரு துறைகளும் நோயாளி வந்த முதல் நாளிலேயே ஒரே மேசையைச் சுற்றி நின்றன. அங்கிருந்துதான் இந்த ஆராய்ச்சி பிறந்தது.

எலும்பு வெளியே தெரியும் முறிவுகளை உலகம் அதுவரை வகைப்படுத்தியது 1976-இல் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் வகுத்த முறையில். அதில் பின்னர் சேர்ந்த '3பி' என்ற ஒரே பிரிவுக்குள் எளிதில் தேறும் காலும் அடங்கும், தேறவே தேறாத காலும் அடங்கும். காலை எடுப்பதா, காப்பதா என்று கணிக்க 1990-இல் வந்த 'மெஸ்' மதிப்பெண் ரத்தக்குழாய் அறுந்த கால்களுக்குப் பொருந்தியது; ரத்த ஓட்டம் இருந்தும் சதையும் எலும்பும் சிதைந்த கால்களுக்கு அவ்வளவாகக் கைகொடுக்கவில்லை. நம் சாலைகளில் மிகுதியாக வருவதோ இந்த இரண்டாவது ரகம்.

ராஜசேகரன் குழு 109 முறிவுகளை ஆராய்ந்து 2006-இல் தன் மதிப்பெண்ணை வெளியிட்டது. தோல், எலும்பு, தசை ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. உடன் சேரும் ஏழு கேடுகளுக்குத் தலா 2. ஆக மொத்தம் 29. 14 வரை இருந்தால் காலைக் காப்பாற்ற முயலலாம். 17-ஐத் தொட்டால் பெரும்பாலும் எடுப்பதே நல்லது. இடையில் இருப்பவற்றை அனுபவமுள்ள மருத்துவர் தனித்தனியே எடைபோட வேண்டும்.

அந்த ஏழு கேடுகளை வாசிக்கும்போது எனக்கு நம் ஊர்தான் தெரிகிறது. காயத்தைச் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 2. சாக்கடையோ வயல், தொழுவத்து அழுக்கோ கலந்திருந்தால் 2. வந்து சேரும்போது ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போயிருந்தால் 2. விபத்தின் கொடுமையை நம்மால் குறைக்க முடியாது. மேலேறும் இந்த எண்களில் சிலவற்றைக் குறைக்க முடியும். தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து இறங்கும் பாதை எவ்வளவு நேரம் தின்கிறது என்பது கால் தங்குமா என்பதையே தீர்மானிக்கிறது. இதை ஆட்சியாளர்களின் காதில் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

இன்னொரு பழைய விதியையும் இக்குழு அசைத்தது. இத்தகைய காயத்தை முதல் நாளே தைத்து மூடக் கூடாது என்பது போர்க்கள அறுவையிலிருந்து வந்த பாடம். தோல் இழப்பின்றி, மொத்த மதிப்பெண் 10-க்குள் இருந்து, 12 மணி நேரத்துக்குள் சுத்தம் செய்துவிட்டால், அன்றே மூடலாம் என்று குறைந்தது ஐந்தாண்டுகள் நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2009-இல் காட்டினார்கள். இங்கேயும் அதே 12 மணி நேரம்தான்.

தமிழ்நாட்டு அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், தமிழக எல்லைக்குள் விபத்தில் சிக்கும் எவருக்கும், அவர் எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலிட்ட மருத்துவமனைகளில் இலவசமாகத் தருகிறது. வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் நடக்கும் விபத்துக்கு இது பொருந்தாது. இரு அரசுகளும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை மடித்து வைத்து அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், காப்பிப் பொடி, மண் எதையும் அப்பாதீர்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸுக்குள் வையுங்கள். விரலின் மேல் ஐஸ் நேரடியாகப் படக்கூடாது. எல்லையின் இரு பக்கமும் ஆம்புலன்ஸ் எண் 108 தான்.