முன் ஹாலில் பறக்கிறது, பின் அறையில் தவழ்கிறது: உங்கள் ரவுட்டருக்குள் இருக்கும் இரண்டு ரேடியோக்கள்

வீட்டு இணையம் மெதுவாக இருக்கிறது என்று கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாற யோசிக்கிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். மடிக்கணினியை ஒரு கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி வேகத்தை அளந்துகொள்ளுங்கள். அடுத்து கேபிளைக் கழற்றிவிட்டு, ரவுட்டர் இருக்கும் அதே ஹாலில் உட்கார்ந்து வைஃபையில் அளந்து பாருங்கள். கடைசியாக, பிள்ளைகள் படிக்கும் பின் அறைக்குப் போய் அளந்து பாருங்கள். மூன்று எண்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

கேபிளில் 300 மெகாபிட்டும் பின் அறையில் 12 மெகாபிட்டும் காட்டினால், குறை தெருவிலிருந்து வரும் ஃபைபரில் இல்லை. நடுவில் இருக்கும் சுவர்களில் இருக்கிறது. 500 மெகாபிட் திட்டத்துக்கு மாறினாலும் பின் அறையில் அதே 12தான் வரும். கூடுதல் கட்டணத்தை மட்டும் ஒப்பந்தம் முடியும்வரை, பல திட்டங்களில் அது 24 மாதம், கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

போர்ட் கிள்ளான், பண்டமாரான் வட்டாரத் தாமான்களில் இது ஏன் இவ்வளவு சாதாரணமாக நடக்கிறது என்பதற்கு வீட்டின் வடிவமே பதில். நம் தொடர் வீடுகளின் அகலம் 20 அடி என்றால் நீளம் 65, 70 அடி. 2010இல் யுனிஃபை அறிமுகமானதிலிருந்து ஃபைபர் வீடு வீடாக வந்துகொண்டிருக்கிறது. அது நுழைவது பெரும்பாலும் வாசல் பக்கம். ஆகவே மோடமும் ரவுட்டரும் முன் ஹாலில், தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. அங்கிருந்து பின் அறைக்கு இரண்டு மூன்று செங்கல் சுவர்கள். மாடி வீடு என்றால் இரும்புக் கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் தளம் வேறு. 2021இல் பள்ளிகள் மூடி இல்லிருப்புக் கற்றல் நடந்தபோது, ஆசிரியரின் குரல் விட்டு விட்டுக் கேட்டது பல வீடுகளில் இந்தப் பின் அறைகளில்தான்.

ஒரே பெட்டி, இரண்டு குணம்

இன்று கடையில் வாங்கும் சாதாரண ரவுட்டர்கூட இரட்டை அலைக்கற்றை வகைதான். அதற்குள் இரண்டு ரேடியோக்கள் இருக்கின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸில் பேசுகிறது, மற்றது 5 கிகாஹெர்ட்ஸில். முதலாவதன் அலைநீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், இரண்டாவதன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு, 5 முதல் 6 சென்டிமீட்டர்.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் மற்றதெல்லாம் வருகிறது. ஒரே வகை ஆன்டெனாவை வைத்துக்கொண்டு, வெட்டவெளியில் ஒரே தொலைவில் நின்றாலும் 5 கிகாஹெர்ட்ஸில் வந்து சேரும் சக்தி 2.4இல் வருவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். செங்கல்லும் கான்கிரீட்டும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையைத்தான் அதிகம் விழுங்குகின்றன. உலோகம் இரண்டையுமே விடாது. துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் கொள்கலன்களை நினைத்துக்கொள்ளுங்கள்: கதவை மூடிய எஃகுப் பெட்டிக்குள் கைப்பேசியை எடுத்துப்போனால் சிக்னல் போய்விடும். நம் வீட்டிலும் சின்னக் கொள்கலன்கள் உண்டு. குளிர்சாதனப் பெட்டி, இரும்பு அலமாரி, பின்புறம் வெள்ளிப்பூச்சு பூசிய பெரிய நிலைக்கண்ணாடி எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. மீன் தொட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இந்த அலைகளை நன்றாக உறிஞ்சும்.

அப்படியானால் சுவர் தாண்டும் 2.4 போதுமே என்று தோன்றும். அங்கே வேறு தொல்லை. 2.4இல் ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. உங்கள் வீடு, இடது வீடு, வலது வீடு என்று மூன்றும் நிறைந்துவிட்டன. நான்காவது வீட்டுக்காரர் யாரோ ஒருவருடன் பங்கு போட வேண்டும். அடுக்குமாடியில் கேட்கவே வேண்டாம். கைப்பேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் 20, 25 பெயர்கள் வரிசை கட்டி நிற்கும். புளூடூத்தும் இதே இடத்தில்தான் ஓடுகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் உணவைச் சூடாக்குகிறது. அதிலிருந்து கசியும் சிறு அளவு உடலுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் சமையலறைக்குப் பக்கத்தில் நடக்கும் வீடியோ அழைப்பைக் கெடுக்க அது போதும்.

5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். அக்கம்பக்கத்து வீட்டு அலைகள் சுவரில் தேய்ந்துபோவதால் நெரிசலும் குறைவு. சுவர் நமக்குச் செய்யும் கெடுதலை அண்டை வீட்டுக்கும் செய்கிறது, அது நமக்கு நல்லது.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்

கடையில் 'ஏசி1200', 'ஏஎக்ஸ்3000' என்று பெட்டிகள் இருக்கும். 1200 மெகாபிட் கிடைக்கும் என்று நம்பி வாங்குகிறோம். அது இரண்டு ரேடியோக்களின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட எண். ஏசி1200 என்றால் 2.4இல் 300, 5இல் 867. இரண்டும் சேர்ந்து 1167, அதை மேலே உருட்டி 1200. உங்கள் கைப்பேசி ஒரு நேரத்தில் ஏதாவது ஒரு ரேடியோவுடன்தான் பேசும். அந்த 867கூட ஆய்வகக் கணக்கு. பக்கத்திலேயே உட்கார்ந்தாலும் அதில் பாதியோ மூன்றில் இரண்டு பங்கோ கிடைத்தால் நல்ல ரவுட்டர்.

2.4க்குச் சொல்லும் 300இல் இன்னொரு சூழ்ச்சி உண்டு. அந்த வேகத்துக்கு 40 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். அது 2.4 அலைக்கற்றையில் ஏறக்குறைய பாதி. தொடர் வீட்டில் அவ்வளவு இடம் கிடைக்காது, எடுத்துக்கொண்டால் அக்கம்பக்கத்தாருக்கும் தொந்தரவு. ரவுட்டர் அமைப்பில் 2.4க்கு 20 மெகாஹெர்ட்ஸ், 5க்கு 80 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துவிடுங்கள். 2.4இன் சேனலை 1, 6, 11இல் எது ஆள் குறைவோ அதில் வையுங்கள். இடையில் உள்ள 3, 4 எண்களைத் தொடாதீர்கள்.

பெட்டியின் மேல் பெரிதாக எழுதாத ஒன்றையும் பாருங்கள்: கேபிள் செருகும் துளைகள். மலிவான சில ரவுட்டர்களில் அவை 100 மெகாபிட் வகை. வீட்டுக்கு 300 மெகாபிட் வந்தாலும் அந்தத் துளை வழியே 95க்கு மேல் போகாது. 'கிகாபிட்' என்று எழுதியிருக்க வேண்டும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால், தொடர்பு பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். சிரிம் சோதித்துத் தரும் அந்தச் சான்று, நம் நாட்டில் அனுமதித்த அலைவரிசையிலும் சக்தியிலும் கருவி இயங்குகிறது என்பதற்கான அடையாளம்.

பொள்ளாச்சிக்காரரின் யோசனை

ரவுட்டரில் ஏன் இத்தனை ஆன்டெனாக்கள்? அதற்குப் பின்னால் ஒரு தமிழர் இருக்கிறார். ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். 1971 போரில் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஐஎன்எஸ் குக்ரி என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. நீருக்கடியில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவிகள் இன்னும் கூர்மையாக வேண்டும் என்பதை அந்த இழப்பு உணர்த்தியது. பால்ராஜ் முதலில் இருந்த கருவிகளை மேம்படுத்தினார். பிறகு 'அப்சோ' என்ற சோனாரை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1980களில் அது கடற்படைக் கப்பல்களில் பொருத்தப்பட்டது.

கடலுக்குள் ஒலி நேராக வராது. மேற்பரப்பிலும் அடித்தரையிலும் முட்டி, பல எதிரொலிகளாகக் கலந்து வரும். பல உணரிகளை வரிசையாக வைத்து, அந்தக் கலவையைக் கணக்குப் போட்டுப் பிரிப்பதே சோனார் பொறியாளரின் வேலை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போன பால்ராஜ், ரேடியோ அலைகளிலும் இதே வழியில் யோசித்தார். சுவரில் முட்டித் திரும்பும் எதிரொலியை அதுவரை பொறியாளர்கள் தொல்லையாகவே பார்த்தார்கள். பல ஆன்டெனாக்களால் அனுப்பி, பல ஆன்டெனாக்களால் வாங்கினால், ஒவ்வோர் எதிரொலிப் பாதையிலும் வெவ்வேறு தகவலை அனுப்பலாம் என்பது அவர் யோசனை. அலைக்கற்றையைக் கூட்டாமலே வேகம் இரட்டிப்பாகும். தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து இதற்கான காப்புரிமையை 1994இல் பெற்றார். 'மைமோ' எனப்படும் இந்த முறை 2009இல் வெளியான 802.11என் தரத்தின் வழியாக வைஃபைக்குள் வந்தது. 2014இல் அவருக்கு மார்க்கோனி பரிசு கிடைத்தது.

இதில் நம் பணப்பைக்கும் ஒரு செய்தி உண்டு. பேச்சு இரு பக்கமும் நடக்க வேண்டும். கைப்பேசிகளில் பொதுவாக இரண்டு வைஃபை ஆன்டெனாக்கள்தான் இருக்கின்றன. எட்டுக் கால் பூச்சிபோல் எட்டு ஆன்டெனா நீட்டிய ரவுட்டரை வாங்கினாலும் ஒரு கைப்பேசிக்கு இரண்டு தகவல் ஓடைகளுக்கு மேல் போகாது. வீட்டில் நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் நான்கு ஆன்டெனா உதவும். அதற்கு மேல் அழகுக்குத்தான். நிற்கும் ஆன்டெனா தன் பக்கவாட்டில்தான் அதிகம் பரப்பும், உச்சிக்கு நேராகக் குறைவு. எனவே மாடி வீட்டில் எல்லாவற்றையும் நிமிர்த்தி வைக்காமல் ஒன்றைப் படுக்கவையுங்கள்.

கப்பல் ரேடார் குற்றவாளியா?

துறைமுகப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் கேட்கும் கேள்வி இது. கப்பல்களின் ரேடார்கள் 3 கிகாஹெர்ட்ஸ், 9 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இயங்குபவை. நம் வைஃபை அந்த இடத்தில் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு உண்மையான பங்காளி வேறு: 5.6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மழையைத் தேடும் வானிலை ரேடார்கள். அவற்றுக்கு முன்னுரிமை உண்டு. 52 முதல் 64 வரையும், 100இலிருந்து தொடங்கும் வரிசையிலும் இயங்கும் ரவுட்டர், ரேடார் துடிப்பு போல ஏதாவது காதில் விழுந்தால் 10 விநாடிக்குள் அந்தச் சேனலை விட்டு விலக வேண்டும். அரை மணி நேரம் அங்கே திரும்பக் கூடாது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த 5 கிகாஹெர்ட்ஸ் திடீரென மறைந்து ஒரு நிமிடத்தில் திரும்புகிறதென்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சேனலை 36க்கோ 149க்கோ மாற்றிப் பாருங்கள். ஏஎக்ஸ்3000 பெட்டிகள் பெருமை பேசும் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமும் இந்த ரேடார் சேனல்களைச் சேர்த்துக்கொண்டுதான் கிடைக்கிறது.

எங்கே வைப்பது, யாரை எதில் சேர்ப்பது

பணம் செலவழிக்காத மருந்து இடமாற்றம்தான். மோடம் வாசலிலேயே இருக்கட்டும். அதிலிருந்து 10 மீட்டர் கேபிளைச் சுவரோரமாக இழுத்து, ரவுட்டரை வீட்டின் நடுவில், மாடிப்படி அருகே, தலை உயரத்தில் வையுங்கள். அலமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். அலையும் அடைபடும், நம் ஊர் வெப்பத்தில் கருவியும் காயும்.

தொலைக்காட்சி, மடிக்கணினி, ரவுட்டர் கண்ணில் படும் தொலைவில் உள்ள கைப்பேசிகள் எல்லாம் 5இல் இருக்கட்டும். போர்ச்சில் மாட்டிய கேமரா, ஸ்மார்ட் பிளக், பழைய பிரிண்டர் போன்றவை 2.4க்கு. இவற்றில் பலவற்றுக்கு 5 தெரியவே தெரியாது. சில ரவுட்டர்கள் இரண்டு அலைக்கற்றைக்கும் ஒரே பெயர் வைத்துத் தாங்களே ஆள் பிரித்துவிடும். வசதிதான், ஆனால் சில கைப்பேசிகள் தேய்ந்துபோன 5ஐ விடாமல் பிடித்துக்கொண்டு தவிக்கும். அப்போது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். கேமராவை முதல்முறை இணைக்க அடம்பிடித்தாலும் இதே வைத்தியம்தான். பெயர் வைக்கும்போதே, பெட்டியோடு வந்த நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.

பின் அறை அப்போதும் தேறவில்லை என்றால் மலிவான ஒற்றை அலைக்கற்றை ரிப்பீட்டரை வாங்காதீர்கள். அது கேட்பதும் திருப்பிச் சொல்வதும் ஒரே ரேடியோவில் என்பதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இரண்டு பெட்டி கொண்ட மெஷ் அதைவிட மேல். ஆனால் இரண்டாவது பெட்டியைப் பின் அறைக்குள் கொண்டுபோய் வைப்பது வீண். முதல் பெட்டியின் சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதித் தூரத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் விடச் சிறந்தது, பின் அறை வரை ஒரு கேட்-6 கேபிள் இழுத்து, அதன் முனையில் பழைய ரவுட்டரையே அணுகல் முனையாக மாற்றி வைப்பது. 100 மீட்டர் வரை அந்தக் கேபிளில் கிகாபிட் வேகம் குறையாது, சுவர் கணக்கும் இல்லை. வீட்டில் சிலிங் வேலையோ வயரிங் வேலையோ நடக்கும்போது எலக்ட்ரீஷியனிடம் சேர்த்துச் சொல்லிவிட்டால் செலவும் குறைவு. மின்கம்பி போகும் குழாயிலேயே அதைச் செருகாமல் தனிக் குழாயில் விடச் சொல்லுங்கள்.