இலவச வைத்தியமும் அதன் விலையும்

இலவசம் என்பது மயக்கந் தருஞ் சொல். அரசினர் வைத்தியசாலையில் நோயாளி பணங் கொடுப்பதில்லை. ஆயினும் மருந்துக்கும் கட்டிலுக்கும் யாரோ விலை கொடுத்தேயாகவேண்டும். அவ்விலையை யார், எப்பொழுது கொடுப்பது என்பதே சுகாதார நிதியின் அடிப்படை வினாவாகும்.

யாழ்ப்பாணத்தில் மேனாட்டு வைத்தியம் அறக்கொடையால் வேரூன்றிற்று. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் நோய் தீர்த்ததுடன், தமிழிலேயே மருத்துவமுங் கற்பித்தார். எனினும், கொள்ளைநோயின் முன் அறக்கொடை போதாதென்பதை 1934-35 இல் இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்த மலேரியா உணர்த்திற்று. 1931 இல் சர்வசன வாக்குரிமை பெற்றிருந்த மக்களின் குரலை அரசு புறக்கணித்தல் இயலாதாயிற்று. கிராமந்தோறும் வைத்திய வசதி பரவலாயிற்று. 2016 இல் மலேரியாவற்ற நாடென இலங்கை உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது.

இச்சேவைக்கு நிதி வரிப்பணமே. அவ்வரியிற் பெரும்பகுதி பண்டங்கள் சேவைகள் மீது விதிக்கப்படுவது. சீனியும் சவர்க்காரமும் வாங்கும் கூலியாளும் அதனைச் செலுத்துகின்றான். ஆகவே, அவன் பெறும் வைத்தியம் பிச்சையன்று. முன்னரே விலை செலுத்திப் பெற்ற உரிமை. எழுபதுகளில் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிடப்பட்டபோது வருவோர் தொகை குறைந்தது. சிறு கட்டணமும் வறியோரைத் தடுக்குமென்பதற்கு இது சான்று.

இன்றைய இடர் வேறு வகையானது. 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது; வைத்தியர் பலர் நாட்டைவிட்டு அகன்றனர். கட்டில் இலவசமாயினும் மருந்தை வெளியே வாங்கவேண்டுமாயின், சட்டம் மாறாமலே கட்டணம் புகுந்துவிடுகின்றது.

நிதியைப் பெருக்குதலுடன் அதனைச் செலவிடும் முறையுந் திருந்தவேண்டும். நோயாளி எவ்வைத்தியசாலைக்கும் நேரே செல்லலாம். எனவே, சிறு காய்ச்சலும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை நாடுகின்றது. அது மத்திய அரசின் கீழும், தெல்லிப்பழை, பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைகள் மாகாண நிருவாகத்தின் கீழும் இருத்தலால் ஒருங்கிணைப்பும் எளிதன்று. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஆயுள் முழுவதுங் கவனிக்கப்படவேண்டியவை. அவற்றுக்கு வீட்டருகேயுள்ள சிறு வைத்தியசாலையே ஏற்றது. மருந்தும் பரிசோதனை வசதியும் நிலையான வைத்தியரும் அங்கிருப்பின், மக்கள் அதனைத் தாண்டிச் செல்லார்.

வசதியுள்ளோர் அனைவரும் தனியார் வைத்தியசாலைகளை நாடிவிடின், அரசினர் வைத்தியசாலை வறியோருக்கு மட்டும் உரியதாகும். அப்பொழுது அதன் குறையை எடுத்துரைப்பாரும் அருகுவர். கற்றோர் தாமும் அதனைப் பயன்படுத்தி, அதன் குறைகளை வினவுதலே அதற்குச் சிறந்த காப்பாகும்.